பெட்டியின் அகலமும் கடைசிச் சொல்லும்

தமிழ்த் தொடரில் வினை பெரும்பாலும் இறுதியில் நிற்கும். ஒன்றைச் செய்யலாமா, செய்யக் கூடாதா என்பதையும் அத்தொடரின் கடைசிச் சொல்லே தெரிவிக்கும். ‘இம்மருந்தை வெறும் வயிற்றில் உண்ணக் கூடாது’ என்னும் தொடரைக் காண்போம். இதில் ‘கூடாது’ என்னும் சொல் மறைந்துவிட்டால், எஞ்சிய பகுதியைப் படிப்பவர் மருந்தை வெறும் வயிற்றில் உண்ண வேண்டும் என்றே கருதக்கூடும். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வினைக்கு முன்னரே வந்துவிடுகிறது. இந்தியிலும் ‘மத்’, ‘நஹீ(ம்)’ ஆகிய சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன் வருகின்றன. அம்மொழிகளில் தொடரின் கடைசிச் சொல் மறைந்தாலும் மறுப்பு தெரிந்துவிடும். தமிழில் மறுப்பே மறைந்துவிடும்.

தமிழின் இவ்வியல்பை வலைப்பக்கம் அமைப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வலைப்பக்கங்களில் அறிவிப்புகளும் பொத்தான்களும் குறிப்பிட்ட அகலமுள்ள பெட்டிகளில் வைக்கப்படுகின்றன. பெட்டிக்குள் அடங்காத எழுத்துகளை மறைத்து, மூன்று புள்ளிகளை மட்டும் காட்டும் வழக்கமும் உண்டு. ஆங்கிலச் சொற்களைப் பார்த்து முடிவு செய்த அகலத்தில் தமிழ்த் தொடரை வைத்தால், அதன் இறுதிச் சொல் மறைந்துபோகலாம். இப்பிழையைத் தவிர்க்க உத்தேசம் உதவாது; அளந்து பார்க்க வேண்டும். அவ்வாறு அளப்பதற்குரிய கருவிகள் உலாவிக்குள்ளேயே இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியின் சில வரிகளே இதற்குப் போதும். வேறு மென்பொருள் தொகுப்பு எதுவும் தேவையில்லை.

இப்பாடத்தில் அக்கருவிகளின் பெயர்கள் ஒலிவடிவில் தரப்பட்டுள்ளன. கணினிக்கு எழுதும்போது அவை ஆங்கில எழுத்துகளிலேயே அமையும்.

எழுத்தை எண்ணினால் போதுமா?

ஒரு சொல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை அறிய அதன் எழுத்துகளை எண்ணினால் போதும் என்று தோன்றலாம். ‘தமிழ்’ என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஆனால், ஜாவாஸ்கிரிப்டில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்னும் விடை கிடைக்கும். கணினி பின்பற்றும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் தனித்தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுவதே இதற்குக் காரணம்.

மூன்று, ஐந்து ஆகிய இரண்டு எண்களும் அச்சொல் திரையில் பிடிக்கும் இடத்தைக் கூறுவதில்லை. ‘ஞ’ அகலமான எழுத்து. ‘ர’ குறுகிய எழுத்து. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் மேலே அமர்வதால் பெரும்பாலும் தனி இடம் கொள்வதில்லை. ‘கௌ’ என்பது இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. ஆனால், திரையில் மூன்று வடிவங்களாக விரிகிறது. எழுத்துரு மாறினால் அகலமும் மாறும். கண் பார்வை குறைந்தவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தால் மீண்டும் மாறும். ஆகவே, உலாவி எழுத்துகளைத் திரையில் அடுக்கி முடித்த பின்னரே ஒரு சொல்லின் உண்மையான அகலம் தெரியவரும்.

இந்த அகலம் பிக்சல் என்னும் அலகில் கூறப்படுகிறது. வலைப்பக்க வடிவமைப்பில் ஒரு பிக்சல் என்பது ஓர் அங்குலத்தில் 96-இல் ஒரு பங்கு என வரையறுக்கப்பட்டுள்ளது. திரையில் ஒளிரும் புள்ளியும் இந்தப் பிக்சலும் ஒன்றல்ல. கைப்பேசிகள் பலவற்றில் வடிவமைப்புப் பிக்சல் ஒன்றை வரைவதற்கு, அகலத்தில் இரண்டு அல்லது மூன்று ஒளிப்புள்ளிகள் பயன்படுகின்றன.

பெட்டியின் நான்கு அடுக்குகள்

வலைப்பக்கத்தில் உள்ள தலைப்பு, பத்தி, படம், பொத்தான் ஆகிய ஒவ்வோர் உறுப்பையும் உலாவி செவ்வகப் பெட்டியாகவே கருதுகிறது. இப்பெட்டிகளின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி சி.எஸ்.எஸ். எனப்படுகிறது. நார்வே நாட்டைச் சேர்ந்த ஹோகன் வியும் லீ 1994-ஆம் ஆண்டில் இதனை முன்மொழிந்தார். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதன் முதற்பதிப்பை 1996-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளியிட்டது.

பெட்டி நான்கு அடுக்குகளை உடையது. சுவரில் மாட்டிய படத்தைக் கொண்டு இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் படம் உள்ளடக்கம். படத்துக்கும் சட்டத்துக்கும் இடையே விடப்படும் வெள்ளைப் பகுதி உள்வெளி. மரச்சட்டம் கரை. அடுத்த படத்துக்கும் இப்படத்துக்கும் இடையே சுவரில் விடப்படும் இடம் புறவெளி. ஆங்கிலத்தில் இவை முறையே கண்டென்ட், பேடிங், பார்டர், மார்ஜின் எனப்படும்.

ஒரு பெட்டியின் உள்ளடக்கம் 200 பிக்சல் அகலம் கொண்டது எனக் கொள்வோம். இரு பக்கமும் உள்வெளி 20, கரை 5, புறவெளி 10 பிக்சல் ஆகும். இப்பெட்டியின் அகலம் எவ்வளவு? உள்ளடக்கத்தை மட்டும் கருதினால் 200. உள்வெளியைச் சேர்த்தால் 240. கரையையும் சேர்த்தால் 250. பக்கத்தில் அது கொள்ளும் இடத்தைக் கருதினால் 270. நான்கு விடைகளும் சரியானவையே; வினாக்கள்தாம் வேறு.

வினாவைத் தெளிவாகக் கேட்காததால் முற்காலத்தில் பெருங்குழப்பம் நேர்ந்தது. அகலம் என்று எழுதப்படும் எண் உள்ளடக்கத்தை மட்டும் குறிக்கும் என்று சி.எஸ்.எஸ். விதி கூறியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் தொடக்ககாலப் பதிப்புகளோ அந்த எண்ணுக்குள் உள்வெளியையும் கரையையும் அடக்கிக் கணக்கிட்டன. அதனால் ஒரே பக்கம் இரண்டு உலாவிகளில் இரு வேறு அளவில் தோன்றியது. இன்று ‘பாக்ஸ்-சைஸிங்’ என்னும் பண்பின் வழியாக, அகலத்தை எங்கிருந்து எதுவரை கணக்கிட வேண்டும் என்பதைப் பக்கம் அமைப்பவரே தெரிவிக்கலாம்.

அளக்கும் மூன்று பண்புகள்

ஜாவாஸ்கிரிப்ட் மொழியை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் 1995-ஆம் ஆண்டில் உருவாக்கினார். உறுப்புகளை அளக்கும் பண்புகள் சில ஆண்டுகளுக்குப் பின்னர் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வழியாக வந்தன. மற்ற உலாவிகளும் அவற்றை ஏற்றுக்கொண்டன. வலைக் கூட்டமைப்பு 2008-ஆம் ஆண்டில் அவற்றுக்கான பொது விதிகளின் முதல் வரைவை வெளியிட்டது.

முதலாவது ஆஃப்செட்விட்த். இது உள்ளடக்கம், உள்வெளி, கரை, உருள்பட்டை ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கூறும். புறவெளியைச் சேர்க்காது. மேலே கூறிய பெட்டிக்கு இதன் விடை 250. சட்டத்துடன் கூடிய படம் எவ்வளவு அகலம் என்று கேட்பதைப் போன்றது இது.

இரண்டாவது கிளையன்ட்விட்த். இது உள்ளடக்கத்தையும் உள்வெளியையும் மட்டும் கூறும். அதே பெட்டிக்கு இதன் விடை 240. பெட்டியின் வலப்புறத்தில் 15 பிக்சல் இடம் கொள்ளும் உருள்பட்டை தோன்றினால், இவ்விடை 225 ஆகக் குறையும். சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் பரப்பே இதன் அளவாகும்.

மூன்றாவது ஸ்க்ரோல்விட்த். மறைந்துள்ள பகுதியையும் சேர்த்து, உள்ளடக்கம் முழுவதற்கும் எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை இது கூறும். உள்ளடக்கம் பெட்டிக்குள் அடங்கிவிட்டால் இதுவும் கிளையன்ட்விட்தும் சமமாக இருக்கும். அடங்காவிட்டால் இது பெரிதாக இருக்கும்.

இம்மூன்றுக்கும் இணையாக உயரத்தை அளக்க ஆஃப்செட்ஹைட், கிளையன்ட்ஹைட், ஸ்க்ரோல்ஹைட் ஆகியவை உள்ளன.

சொல் மறைந்ததா என்று அறிதல்

பாடத்தின் தொடக்கத்தில் கூறிய மருந்து அறிவிப்பு ஒரே வரியில் ஒரு பெட்டிக்குள் இருப்பதாகக் கொள்வோம். அதன் கிளையன்ட்விட்த் 240 என்றும் ஸ்க்ரோல்விட்த் 310 என்றும் வருகின்றன. பெட்டியில் தெரியும் பரப்பைவிட 70 பிக்சல் கூடுதலான இடம் அத்தொடருக்கு வேண்டும் என்பது இதனால் தெரிகிறது. மறைந்திருப்பது ‘கூடாது’ என்னும் சொல்லாக இருக்கக்கூடும். பல வரிகளாக மடங்கும் அறிவிப்பாக இருந்தால், அகலத்துக்குப் பதிலாக ஸ்க்ரோல்ஹைட், கிளையன்ட்ஹைட் ஆகிய இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

பக்கத்தில் உள்ள அறிவிப்புப் பெட்டிகள் எல்லாவற்றையும் நிரல் ஒவ்வொன்றாக எடுத்து இவ்வாறு ஒப்பிடும். எந்தப் பெட்டியில் ஸ்க்ரோல்விட்த் பெரிதாக இருக்கிறதோ அதனைச் சிவப்புக் கரையிட்டுக் காட்டும்படி எழுதினால், பக்கத்தை வெளியிடும் முன்னரே குறை தெரிந்துவிடும். பத்தியின் நடுவே வரும் சொற்றொடர் போன்ற உள்வரி உறுப்புகளுக்கு மட்டும் கிளையன்ட்விட்த் 0 என்றே வரும். அவற்றை இம்முறையில் ஒப்பிடுதல் கூடாது. அவற்றைத் தாங்கும் வெளிப்பெட்டியையே அளக்க வேண்டும்.

குறையைக் கண்டபின் எழுத்தைச் சிறிதாக்குவது நல்ல தீர்வாகாது. முதியவர்கள் அதனைப் படிக்க இயலாமல் போகும். பெட்டியின் அகலத்தை மாறாத எண்ணாக எழுதாமல், உள்ளடக்கத்துக்கு ஏற்ப வளரும்படி விடலாம். வளர இடமில்லாவிட்டால் தொடர் அடுத்த வரிக்கு மடங்கும்படி செய்யலாம்.

எழுதிய அளவும் அமைந்த அளவும்

அளக்கத் தொடங்குவோர் பலர் ‘ஸ்டைல்’ என்னும் பண்பின் வழியாக அகலத்தைக் கேட்பதுண்டு. அங்குக் கிடைப்பது அந்த உறுப்பின் மீதே நேரடியாக எழுதப்பட்ட எண் மட்டுமே. அகலம் தனி நடைத்தாளில் எழுதப்பட்டிருந்தால் விடை வெறுமையாக வரும். துணி தைப்பதற்காகக் குறித்த அளவு ஒன்று. தைத்து முடித்த சட்டையின் அளவு மற்றொன்று. ‘ஸ்டைல்’ முன்னதையே அறியும்.

‘கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல்’ என்னும் செயற்கூறு எல்லா நடைத்தாள்களையும் கருதி, இறுதியாகக் கணித்த அளவைத் தரும். ஆனால், அது எண்ணாக வராது. ‘200 பிக்சல்’ என்று அலகும் ஒட்டிய எழுத்துச் சரமாக வரும். அச்சரத்துடன் 50-ஐக் கூட்டினால் 250 கிடைக்காது. சரத்தின் இறுதியில் 50 என்னும் எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். முதலில் அதனை எண்ணாக மாற்றிய பின்னரே கணக்கிட வேண்டும்.

பின்னமும் உருமாற்றமும்

ஆஃப்செட்விட்த் எப்போதும் முழு எண்ணையே தரும். 1000 பிக்சல் அகலத்தை மூன்று சமபகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் 333.33 பிக்சல் அளவில் இருக்கும். ஆஃப்செட்விட்த் 333 என்று கூறும். மூன்றையும் கூட்டினால் 999 ஆகும். ஒரு பிக்சல் கணக்கில் காணாமற்போகும்.

பின்னத்தையும் அறிய வேண்டுமானால் ‘கெட்பௌண்டிங்கிளையன்ட்ரெக்ட்’ என்னும் செயற்கூற்றைப் பயன்படுத்த வேண்டும். உறுப்பு திரையின் இடப்புறத்திலிருந்தும் மேற்புறத்திலிருந்தும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் இது கூறும். பக்கத்தை உருட்டினால் அத்தொலைவுகள் மாறும்.

இவ்விரண்டுக்கும் வேறொரு வேறுபாடும் உண்டு. 250 பிக்சல் பெட்டியை உருமாற்றப் பண்பினால் ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால், கெட்பௌண்டிங்கிளையன்ட்ரெக்ட் 375 என்று கூறும். ஆஃப்செட்விட்த் அப்போதும் 250 என்றே கூறும். பார்வையாளர் கண்ணில் படும் அளவை முன்னது தெரிவிக்கிறது. பக்கத்தில் ஒதுக்கிய இடத்தைப் பின்னது தெரிவிக்கிறது.

எப்போது அளப்பது?

சரியான கருவியைத் தேர்ந்தாலும் காலமறியாமல் அளந்தால் விடை பிழையாகும். மூன்று நிலைகளில் பிழை நேர்வது வழக்கம்.

முற்றிலும் மறைக்கப்பட்ட உறுப்புக்கு இடமே ஒதுக்கப்படுவதில்லை. அதனால் அதன் அகலமும் உயரமும் 0 என வரும். திறக்கப்படாத பட்டியலை அளப்பவர் இதனைக் காண்பார். திறந்த பின்னரே அளக்க வேண்டும்.

படம் வந்து சேரும் முன்னர் அதன் உயரம் உலாவிக்குத் தெரியாது. முன்னதாக அளவு குறிப்பிடப்படாத படம் வந்து சேர்ந்தவுடன், அதற்குக் கீழுள்ளவை எல்லாம் இறங்கிவிடும்.

எழுத்துருவுக்கும் இது பொருந்தும். பக்கத்துக்கென வரவழைக்கப்படும் தமிழ் எழுத்துரு வந்து சேரும்வரை, சாதனத்தில் உள்ள வேறோர் எழுத்துருவை உலாவி பயன்படுத்தக்கூடும். அந்நிலையில் அடங்கியிருந்த தொடர், உரிய எழுத்துரு வந்தபின் அடங்காமல் போகலாம். ஆகையால் எழுத்துருக்கள் ஆயத்தமான செய்தியை உலாவி அறிவிக்கும்வரை காத்திருந்து அளத்தல் நலம்.

ஒரு முறை அளந்தால் என்றைக்கும் போதும் என்று இருந்துவிடவும் இயலாது. கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் எல்லாப் பெட்டிகளின் அகலமும் மாறலாம். ‘ரீசைஸ்அப்சர்வர்’ என்னும் கருவி, ஓர் உறுப்பின் அளவு மாறும்போதெல்லாம் நிரலுக்குச் செய்தி அனுப்பும். நிரல் அப்போது மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அளப்பதற்கும் ஒரு விலை உண்டு. திரைகள் பலவும் ஒரு நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறைக்கும் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி மட்டுமே. நூறு பெட்டிகள் இருக்கும்போது, ஒன்றை அளந்து உடனே மாற்றி, அடுத்ததை அளந்து உடனே மாற்றினால், ஒவ்வொரு முறையும் பக்கத்தை மீண்டும் அடுக்கிப் பார்க்கும் கட்டாயம் உலாவிக்கு ஏற்படலாம். பக்கம் தடுமாறும். நூறையும் முதலில் அளந்துவிட்டு, அதன்பின் மாற்ற வேண்டியவற்றை ஒருசேர மாற்றினால் இவ்வேலை பெரிதும் குறையும். குறைந்த ஆற்றலுள்ள பழைய கைப்பேசியிலும் அறிவிப்பு முழுமையாகவும் விரைவாகவும் தோன்றும். ‘கூடாது’ என்னும் சொல்லும் படிப்பவர் கண்ணில் படும்.

பயிற்சி

அ. பொருள் அறிக

உலாவி – வலைப்பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள்
எழுத்துரு – எழுத்துகளின் வடிவத் தொகுப்பு
நடைத்தாள் – உறுப்புகளின் தோற்றத்தை வரையறுக்கும் கோப்பு
உருள்பட்டை – மறைந்த பகுதியைக் காண உருட்டும் பட்டை
ஆயத்தம் – பயன்படுத்தத்தக்க நிலை

ஆ. வினாக்களுக்கு விடையளிக்க

1. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் 5 என்று கணினி கூறுவது ஏன்?
2. ஆஃப்செட்விட்த், கிளையன்ட்விட்த் ஆகியவற்றின் வேறுபாட்டைப் படச்சட்டத்தைக் கொண்டு விளக்குக.
3. ஒரு பெட்டியின் உள்ளடக்க அகலம் 160 பிக்சல். இரு பக்கமும் உள்வெளி 12, கரை 2, புறவெளி 8 பிக்சல். உருள்பட்டை இல்லை. ஆஃப்செட்விட்த், கிளையன்ட்விட்த், பக்கத்தில் அது கொள்ளும் மொத்த இடம் ஆகிய மூன்றையும் கணக்கிடுக.
4. எழுத்துரு வந்து சேரும் முன்னர் அளப்பதால் நேரும் பிழை யாது?

இ. பிரித்து எழுதுக

உள்ளடக்கம், ஒவ்வோர், படச்சட்டம், அத்தொடர்

ஈ. செயல்பாடு

‘கூடாது’, ‘வேண்டாம்’, ‘இல்லை’ ஆகிய சொற்களில் முடியும் மூன்று அறிவிப்புகளைத் தமிழில் எழுதுக. அவற்றை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வாழும் மாநிலத்தின் மொழியிலும் எழுதுக. ஒவ்வொன்றிலும் கடைசிச் சொல்லை மறைத்துப் பார்த்து, எம்மொழியில் பொருள் மாறுகிறது, எம்மொழியில் மாறவில்லை என்பதை வகுப்பில் கூறுக.